மேசையில் வைத்த பின்னும் நிமிராத திரை

2019-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கவைத்துவிட்டுக் கழித்துக்கட்டும் வகையைச் சேர்ந்தது அது. கனமானது, உறுதியானது, தொடுதிரை கிடையாது, திரையைப் பின்புறமாக மடக்கவும் இயலாது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தித் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். ஒரு வாரம் வரை குறை சொல்ல ஏதும் இல்லை. பிறகு ஒருநாள் இரவு மின்சாரம் போனபோது, கணினியை மூடாமல் அப்படியே புத்தகம் போல விலாவில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்துப் பார்த்தால், திரை முழுவதும் 90 பாகை திரும்பிப் படுத்திருந்தது. சுட்டியை வலப்பக்கம் நகர்த்தினால் அது மேலே ஏறியது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிப் பட்டியலைத் திறந்து கணினியை அணைத்தேன். மறுபடி இயக்கியபோது எல்லாம் நேராக இருந்தது.

அடுத்த பத்து நாட்களில் இது மூன்று முறை நடந்தது. ஒருமுறை, படுத்தபடியே மடக்கிய முழங்கால்களின்மேல் கணினியைச் சாய்த்து வைத்திருந்தபோது திரை தலைகீழாகவே கவிழ்ந்தது. வாங்கிய கடையில் கேட்டேன். டிஸ்ப்ளே கேபிள் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பொருந்தவில்லை, விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கேபிள் தளர்ந்தால் படம் நடுங்கும், கோடு விழும், அணைந்துபோகும்; படத்தைத் துல்லியமாக 90 பாகை திருப்பி, ஓரங்களையும் திரைக்குப் பொருத்தமாக மாற்றி வரைகிற கேபிளை நான் கேள்விப்பட்டதில்லை. அவ்வளவு நேர்த்தியாகத் தவறு செய்யக்கூடியது மென்பொருள் மட்டும்தான். ஆனால் மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும் கோளாறு எப்போதுமே தொல்லையானது. தடயத்தையும் கூடவே அழித்துவிட்டுப் போகிறது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். யாரோ எழுதிவைத்த கட்டளைகளை எடுத்து, படிக்காமல் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒட்டினேன். எக்ஸ்-ரேண்டர் (xrandr) என்ற கட்டளைக்கு இயல்பு நிலை என்று சொன்னால் திரை நிமிர்ந்தது. அடுத்த முறை கணினியைத் தூக்கியதும் மீண்டும் சாய்ந்தது. அந்தக் கட்டளையை ஒவ்வோர் உள்நுழைவிலும் தானாக இயங்கும்படி வைத்தேன். அதனாலும் பயனில்லை, ஏனெனில் திரை திரும்பியது உள்நுழைவின்போது அல்ல. (பின்னாளில், திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டுக்கு மாறியபோது அந்தக் கட்டளை திரையைத் தொடவே இல்லை. அது எக்ஸ் விண்டோ என்ற பழைய முறையின் காலத்துக் கருவி. வேலண்டில் திரையின் அமைப்பு முழுவதும், பட்டியலும் சாளரங்களும் காட்டும் மேசைச்சூழலின் கையில் இருக்கிறது.) இந்தப் பதிவில் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து தராமல் பெயரை மட்டும் சொல்லிச் செல்வதற்கு, அந்தப் பத்து நாள் அனுபவமும் ஒரு காரணம்.

இத்தனைக்கும், உபுண்டுவின் மேசைச்சூழலான க்னோமின் மேல்வலது மூலைப் பட்டியலில், திரைச் சுழற்சியைப் பூட்டும் சின்னஞ்சிறு பொத்தான் ஒன்று அத்தனை நாளும் இருந்திருக்கிறது. சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னம் பொறித்த விசை) ஓ விசையையும் சேர்த்து அழுத்தினாலும் அதே பூட்டு விழும். நான் அதைக் கவனிக்கவில்லை. மடங்காத கணினியில் சுழற்சிப் பூட்டு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அதைக் கண்டபிறகுதான் கேள்வியே சரியான வடிவத்துக்கு வந்தது. இந்தக் கணினியில் சாய்வை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது என்று க்னோம் நம்புகிறது. அந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது?

சாய்வை உணரும் அந்த உறுப்பின் பெயர் முடுக்கமானி. சில மில்லிமீட்டர் அளவுள்ள சில்லு. அதற்குள் சிலிக்கானிலேயே செதுக்கிய நுண்ணிய எடையொன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. புவியீர்ப்பு அதை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அது இம்மியளவு நகர, அதனால் மாறும் மின்தேக்கத் திறனைச் சில்லு எண்ணாக மாற்றித் தருகிறது. குறுக்கு, நெடுக்கு, செங்குத்து என்று மூன்று அச்சுகள், மூன்று எண்கள். லினக்ஸின் உட்கருவான கெர்னலில் உள்ள டிரைவர் அந்த எண்களைப் படிக்கிறது. பாஸ்டியன் நொசேரா எழுதிய ஐஐஓ-சென்சார்-பிராக்ஸி என்ற சிறு பின்னணிச் சேவை, அவற்றை வாங்கி, இயல்பு, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் மேலே, அடிப்பக்கம் மேலே என்ற நான்கு சொற்களில் ஒன்றாகச் சுருக்கி, மேசைச்சூழலுக்குச் சொல்கிறது. க்னோமோ, கேடீஈ என்ற மற்றொரு மேசைச்சூழலோ அந்தச் சொல்லைக் கேட்டுத் திரையைத் திருப்புகிறது. இந்தச் சங்கிலியில் உள்ள எவரும் உங்கள் கணினியைக் கண்ணால் பார்த்ததில்லை. சில்லு எந்த இடத்தில், எந்தத் திசையில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பது அதை மின்சுற்றுப் பலகையில் பொருத்திய தொழிற்சாலைக்குத்தான் தெரியும்.

என் கணினியில் அந்தச் சில்லு வந்து சேர்ந்த கதை தனி. சுழலும் ஹார்ட் டிஸ்கில் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழையினும் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. அந்த நேரத்தில் கணினி கீழே விழுந்தால் முனை தட்டில் மோதித் தரவு சேதமாகும். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையிலிருந்து ஒரு பொருள் தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ 0.39 நொடி ஆகும். விழுந்துகொண்டிருக்கும் பொருளுக்குள் இருக்கும் முடுக்கமானி மூன்று அச்சுகளிலும் சுழிக்கு அருகில்தான் எண் காட்டும். அதைக் கண்டவுடன், அந்த 0.39 நொடிக்குள் முனையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஐபிஎம் 2003-இல் தன் திங்க்பேட் கணினிகளில் இத்தகைய பாதுகாப்பைக் கொண்டுவந்தது. 2005-இல் ஆப்பிளும் கொண்டுவந்தது. பிறகு அலுவலகக் கணினிகள் பலவற்றிலும் இது வழக்கமாயிற்று. என் கணினியின் சாதனக் கோப்புகளுக்கிடையே ஃப்ரீஃபால் (தடையின்றி விழுதல்) என்ற பெயரில் ஒன்று இருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஹார்ட் டிஸ்க் ரிச்சி தெருவிலேயே கழற்றப்பட்டுவிட்டது. அதைக் காக்க வந்த காவலாளி மட்டும் உள்ளேயே இருந்துகொண்டு, வேறு வேலை இல்லாமல், என் திரையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இனிப் புதிரின் சுவையான பகுதிக்கு வரலாம். கையில் தூக்கும்போது திரை திரும்புவதைப் புரிந்துகொள்ளலாம். மேசையில் தட்டையாக வைத்த பின்பும் அது ஏன் நிமிரவில்லை?

விடை, அந்தச் சேவை கணக்கிடும் முறையில் இருக்கிறது. குறுக்கு அச்சிலோ நெடுக்கு அச்சிலோ சாய்வு 35 பாகையைத் தாண்டினால்தான் அது ஒரு முடிவுக்கு வரும். இரண்டும் அதற்குக் குறைவாக இருந்தால், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு, முன்பு சொன்ன சொல்லையே வைத்துக்கொள்ளும். கைக்கணினிக்கு (டேப்லெட்டுக்கு) இது மிகச் சரியான விதி. படித்துக்கொண்டிருந்த கைக்கணினியைத் தட்டையாக மேசையில் வைத்தால், ஈர்ப்பு முழுவதும் செங்குத்து அச்சுக்குப் போய்விடும். எந்த ஓரம் மேலே என்று சொல்ல எதுவும் எஞ்சாது. அப்போது திரையை அப்படியே விட்டுவைப்பதுதான் நியாயம். ஆனால் என் கணினியில் சில்லு இருந்தது திரையில் அல்ல, விசைப்பலகைக்கு அடியிலுள்ள பலகையில். மேசையில் இருக்கும்போதெல்லாம் அது தட்டையாகத்தான் இருக்கும். எண்கள் ஏறத்தாழ 0, 0, 1000 என்று, ஈர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, வந்துகொண்டிருக்கும். ஆக, தூக்கிச் செல்லும்போது ஒருமுறை 35 பாகையைத் தாண்டிவிட்டால், திரை கவிழ்ந்துவிடும். மேசைக்குத் திரும்பியபின் நிமிர்வதற்கான செய்தி ஒருபோதும் வராது. மறுதொடக்கம் செய்தால் பழைய சொல் மறந்துபோய், இயல்பு நிலையிலிருந்து தொடங்கும். மறுதொடக்கம் என்ற மருந்து ஒவ்வொரு முறையும் ஏன் பலித்தது என்பதும் இதனால்தான்.

இதை உங்கள் கணினியில் சோதித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அந்தச் சேவையுடனேயே வரும் மானிட்டர்-சென்சார் என்ற நிரலை முனையத்தில் ஓடவிடுங்கள். நிலை மாறும்போதெல்லாம் ஒரு வரி எழுதும். பிறகு கணினியின் அடிப்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு திரையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லையென்றால், திரையை அசையாமல் வைத்து அடிப்பகுதியைச் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பகுதியை ஆட்டும்போது வரி வருகிறதோ, சில்லு அங்கே இருக்கிறது. மடக்கு கணினிகள் சிலவற்றில் இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று உண்டு. இரண்டின் வேறுபாட்டிலிருந்து கீலின் கோணத்தைக் கணக்கிடுவதற்காக அவற்றை வைக்கிறார்கள். அங்கே தவறான சில்லின் பேச்சைச் சேவை கேட்டுவிடுவதும் உண்டு.

காவலாளியை எப்படி ஓய்வுபெறச் செய்வது? சேவையை முடக்கும் டிசேபிள் கட்டளையைக் கொடுத்தேன். பிழை ஏதும் வரவில்லை. அடுத்த முறை கணினியை இயக்கியபோது சேவை சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தது. காரணம், அது பட்டியலில் பெயர் இருப்பதால் தொடங்கும் சேவை அல்ல. கெர்னல் முடுக்கமானியைக் கண்டுகொண்டதாக, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அறிவிக்கும்போது எழுப்பப்படுவது. இத்தகைய சேவைக்கு மாஸ்க் என்ற கட்டளைதான் உதவும்; யார் கூப்பிட்டாலும் எழாதபடி அதைக் கட்டிப்போடும். அந்தச் சேவையின் மென்பொருள் தொகுப்பையே நீக்குவதும் ஒரு வழிதான், ஆனால் பதிப்பை மேம்படுத்தும்போது அது சொல்லாமல் திரும்பி வரக்கூடும். கூடவே, சூழ்வெளிச்சத்துக்கேற்பத் திரையின் பிரகாசம் மாறும் வசதியும் அந்தச் சேவை வழியாகவே வருவதால், அதுவும் போய்விடும். சுழற்சிப் பூட்டைப் போடுவது எளிதுதான் என்றாலும், அது அந்தப் பயனருக்கு மட்டுமே உரிய அமைப்பு. உள்நுழைவுத் திரை வேறொரு பயனர் பெயரில் இயங்குவதால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் திரை கவிழ்ந்தேதான் நிற்கும். என் கணினியில் காக்க வேண்டிய ஹார்ட் டிஸ்கும் இல்லை, வெளிச்சத்தை உணரும் உறுப்பும் இல்லை. மாஸ்க் செய்தேன், அன்றோடு அது தீர்ந்தது.

இதே மருந்தை எல்லாக் கணினிக்கும் கொடுக்கக் கூடாது என்பதை, மூன்று ஆண்டுகள் கழித்து என் அக்கா மகன் வாங்கிய மடக்கு கணினி காட்டியது. விலை குறைந்த சிறு கணினி. தொடுதிரை உண்டு, திரை 360 பாகையும் மடங்கும். அவன் வரைவதற்காகவே வாங்கியது என்பதால், அதில் சுழற்சி வேண்டும், ஆனால் சரியாக வேண்டும். அதில் லினக்ஸை நிறுவியபோது, உள்நுழைவுத் திரை தலைகீழாக வந்தது. கணினியைத் தலைகீழாகப் பிடித்தால் திரையும் தலைகீழாகி, நிற்கும் உலகத்துக்கு எப்போதும் எதிராகவே இருந்தது. என் பழைய கணினியின் நோய் இது அல்ல. அங்கே சில்லு இடம் மாறி இருந்தது. இங்கே இடம் சரி, ஒட்டிய திசைதான் வேறு.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் இன்னொன்றை விலக்க வேண்டியிருந்தது. விலை குறைந்த கணினிகளில், நெடுவாட்டில் நிற்கும்படி கைக்கணினிகளுக்காகச் செய்த திரைகளை வாங்கிப் படுக்கவைத்துப் பொருத்துவது உண்டு. அந்தத் திரைக்குத் தான் படுத்திருப்பது தெரியாது. கெர்னல் எழுதும் முதல் வரியே பக்கவாட்டில் விழும். இதற்காக ஹான்ஸ் டி கூடே (Hans de Goede) என்ற கெர்னல் நிரலாளர் 2017-இல் தொடங்கிய பட்டியல் ஒன்று கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கணினியில் திரை எந்தப் பக்கம் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற விவரம் அதில் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகிறது. ஆகவே, திரை எந்தக் கணத்தில் கோணலாகிறது என்று பாருங்கள். கணினி எழும்போது ஓடும் வெள்ளை எழுத்துகளே கோணலாக இருந்தால், முடுக்கமானி நிரபராதி. எழுத்துகள் நேராக இருந்து உள்நுழைவுத் திரை கோணலானால், முடுக்கமானியைச் சந்தேகிக்கலாம். உள்நுழைந்த பின்புதான் கோணலாகிறது என்றால், எப்போதோ நீங்களே மாற்றிச் சேமித்த திரையமைப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா மகன் கணினியில் வெள்ளை எழுத்துகள் நேராகத்தான் ஓடின.

சில்லின் திசையைச் சொல்வதற்கு ஏற்ற இடம், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டத்தோடு வரும் வன்பொருள் தரவுத்தளம். 60-சென்சார் என்று தொடங்கும் ஒரு கோப்பில், கணினியின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரிப் பெயரையும் எழுதி, அடுத்த வரியில் ஒன்பது எண்கள் கொண்ட அணி ஒன்றைக் கொடுக்கிறார்கள். மூன்று வரிசை, மூன்று நிரல். பெரும்பாலும் 0, 1, -1 என்ற மூன்று எண்கள்தான். சில்லு சொல்லும் அச்சைத் திரையின் அச்சாக மாற்றும் அகராதி இது. நான் மானிட்டர்-சென்சாரை ஓடவிட்டு, கணினியை நான்கு பக்கமும் நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் அது என்ன சொல்கிறது, கெர்னல் தரும் எண்களில் எந்த அச்சில் 9.8-ஐ (ஈர்ப்பு முடுக்கத்தின் அளவை) ஒட்டிய எண் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். நேராக இருக்க வேண்டியது தலைகீழாக இருக்கிறது, ஆகவே நெடுக்கு அச்சின் குறியை மாற்றினால் போதும் என்று எழுதினேன்.

இரண்டு பிழைகள் செய்தேன். முதலாவது அற்பமானது. அந்தக் கோப்பில் பண்பை எழுதும் வரி ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். நான் இடைவெளி விடாமல் எழுதியதால், என் வரியைத் தரவுத்தளம் பொருட்படுத்தவே இல்லை. ஒரு மாலைப்பொழுது அதில் போயிற்று. இரண்டாவது பிழை கொஞ்சம் மரியாதைக்குரியது. இடைவெளியைச் சேர்த்து, தரவுத்தளத்தைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்ததும் திரை நேராக வந்தது. தலைகீழாகப் பிடித்தால் அதுவும் சரி. ஆனால் இடப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கத்துக்கும், வலப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கத்துக்கும் உரிய திசையில் திரும்பியது. ஒரு பொருளை அரைவட்டம் திருப்பினால் மேல் கீழாவதோடு இடமும் வலமாகும். நான் மேல்கீழை மட்டும் மாற்றியதால், என் அணி குறித்தது திருப்பிய சில்லை அல்ல, கண்ணாடியில் தெரியும் சில்லை. பலகையில் ஒரு சில்லை எப்படி வேண்டுமானாலும் திருப்பி ஒட்டலாம். கண்ணாடிப் பிம்பமாக ஒட்ட முடியாது. குறுக்கு அச்சின் குறியையும் மாற்றி, செங்குத்து அச்சை அப்படியே விட்டபோது நான்கு பக்கமும் பொருந்தின. விரல் தொட்ட இடமும் கோடு விழும் இடமும் ஒன்றாயின.

மேலே சொன்ன தரவுத்தளத்தில், சில்லு அடிப்பகுதியில் இருக்கிறதா திரையில் இருக்கிறதா என்று குறிக்கும் பண்பும் பின்னர் சேர்ந்தது. அடிப்பகுதி என்று குறித்தால் சேவை அந்தச் சில்லின் பேச்சைக் கேட்பதில்லை. 2019-இல் என்னிடம் இருந்த பதிப்புக்கு அது தெரிந்திருந்தால், மாஸ்க் செய்து கட்டிப்போட்டிருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. மேசைச்சூழல்களும் நிதானமடைந்துவிட்டன. இன்றைய க்னோம், தொடுதிரை இல்லாத கணினியில் முடுக்கமானி இருந்தாலும் திரையைத் திருப்புவதில்லை. மடக்கியிருப்பதைச் சொல்லும் சுவிட்ச் இருந்தால், மடக்கினால்தான் திருப்புகிறது. கேடீஈயின் பிளாஸ்மாவிலும், கைக்கணினி நிலையில் மட்டும் திருப்பு என்று சொல்லிவைக்கலாம். அந்தச் சுவிட்சே பொய் சொல்லும் கணினிகளும் இருக்கின்றன. மடக்காமலேயே மடக்கிவிட்டதாக அது அறிவித்துவிட்டால், திரை சுழல்வதோடு விசைப்பலகையும் தொடுபலகையும் வேலை செய்வதை நிறுத்திவிடும். திரை சுழல்கிறது என்று வருபவர்களிடம், தட்டச்சு செய்ய முடிகிறதா என்றும் நான் கேட்பது இதனால்தான்.

விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னது முற்றிலும் பொய்யல்ல. அங்கே சில்லின் திசையைத் தயாரிப்பாளரே தன் டிரைவரோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். கட்டற்ற இயங்குதளத்துக்கு அந்த விவரத்தை அவர் தருவதில்லை என்பதால், கணினியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்த யாரோ ஒருவர் எழுதித்தர வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், பெரிய நிறுவனங்களின் மாதிரிகளுக்கு இடையே, பெயர்கூடக் கேள்விப்படாத மலிவுக் கைக்கணினிகளுக்கெல்லாம் ஒரு வரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஒருவர் தம் கணினியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா மகன் கணினிக்கான வரியை நானும் அனுப்பினேன். தயாரிப்பாளர் அதன் மாதிரிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிரப்பாமலே விட்டிருந்ததால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலின் பதிப்பையும் சேர்த்து எழுதித்தான் அந்தக் கணினியை மட்டும் அடையாளம் காட்ட முடிந்தது.

மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, இப்ப திரும்பவே மாட்டேங்குது. நெட்டுக்குத்தா நின்னுபோச்சு." அணியில் எந்த எண்ணைத் தவறவிட்டேன் என்று தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் குறிகளை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. மடக்கி வைத்துக்கொண்டு வரையும்போது, பின்பக்கம் போயும் செயலிழக்காத விசைகளில் அவன் விரல் பட்டு, சூப்பர் விசையும் ஓ விசையும் சேர்ந்து அழுந்தியிருக்கின்றன. பூட்டை எடுத்துவிட்டேன். திரை நிமிர்ந்தது, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.